நீலப் பத்தியில் ஒன்பது ஆடுகள்

நீங்கள் இப்போது எல்லாவற்றையும் கணினியில் பதிகிறீர்கள். பிழை விட்டால் ஒரு விசையைத் தட்டுகிறீர்கள், பிழை போய்விடுகிறது. அது இருந்த இடம்கூடத் தெரியாது. இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த நாட்களில் அப்படி ஒரு விசை எனக்குக் கிடைத்திருந்தால் அதைக் கும்பிட்டிருப்பேன். ஓய்வு பெற்றவர் ஏதாவது எழுதித் தாருங்கள், புதிதாக இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவும் என்று கேட்டீர்கள். ஊசி, அளவு, சினைப்பிடிப்பு எல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். ஆகவே எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் எப்படி இரண்டு ஆடுகளைக் கொன்றேன் என்பதைச் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கால்நடை உத்தியோகத்தனாக இருந்தவன். எண்பத்து நான்கில் ஜேர்மனிக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தேன். ஹனோவருக்கு வெளியே ஒரு பழைய விடுதியில், ஓர் அறைக்கு ஆறு பேராக இருந்தோம். முதல் இரண்டு வருடம் வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. சாப்பிடுவது, தூங்குவது, டெர்மினுக்கு, அதாவது அதிகாரிகள் குறித்துத் தரும் சந்திப்புக்கு, போவது. இவ்வளவுதான் வாழ்க்கை.

விடுதியில் சிவம் அண்ணை என்று ஒருவர் இருந்தார். எங்களுக்கு முன்னரே வந்தவர், நாலு எழுத்து ஜேர்மன் தெரிந்தவர். யாருக்காவது விசாரணை என்றால் அவனைக் கட்டிலில் இருத்தி, அதிகாரி கேட்பதுபோல் கேள்வி கேட்டுத் தயார்ப்படுத்துவார். கையில் காசு வாங்கியது கிடையாது, நல்ல மனிதர். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான்.

"என்னத்தையும் சொல்லு, ஆனா ஒருக்காச் சொன்னதை மாத்தாதை. மாத்தினியோ, உன்ர முழுக்கதையும் பொய் எண்டுதான் எழுதுவாங்கள்."

அவர் சும்மா சொல்லவில்லை. 'முன்னுக்குப் பின் முரண்' என்று எழுதப்பட்ட நிராகரிப்புக் கடிதங்களை நாங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறோம். அதனால் எங்கள் விடுதியில் யாரும் எதையும் திருத்துவதில்லை. ஒருவருடைய மனைவியின் பெயரை முதல் நாள் எழுதுவினைஞர் பிழையாக எழுதிவிட்டார். அந்த மனிதர் அதன்பிறகு எல்லாப் படிவத்திலும் அந்தப் பிழையான பெயரையே எழுதினார். ஊரில் இருந்த மனைவிக்கும் அந்தப் பெயரில் ஒரு பத்திரம் எடுக்கச் சொல்லிக் கடிதம் போட்டார். சிரிக்க வேண்டாம். எங்களுக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

என்னுடைய கதையிலும் சிவம் அண்ணை ஓரிடத்தைத் திருத்தினார். என் தம்பியை ஒரு காலைநேரம், அம்மாவும் இருக்க, வீட்டில் வைத்து இராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அவன் வரவில்லை. அப்போது நான் எங்கே இருந்தேன் என்று அண்ணை கேட்டார். பின்வளவு மாட்டுக்கொட்டிலில், வைக்கோலுக்குப் பின்னால் ஒளித்திருந்தேன் என்று சொன்னேன்.

"அதைச் சொல்லாதை. உன்னை ஏன் விட்டிட்டுப் போனவங்கள் எண்டு கேட்பாங்கள். நீ கந்தோரில நிண்டனி எண்டு சொல்லு."

நானும் அப்படியே, அலுவலகத்தில் இருந்ததாகச் சொன்னேன். உண்மையில் எனக்கு அது வசதியாகவும் இருந்தது. கந்தோரில் இருந்த அண்ணன் கையாலாகாதவன் மட்டுந்தான். கொட்டிலுக்குள் இருந்த அண்ணன் தம்பியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தவன்.

எண்பத்தாறில் எனக்கு வேலை அனுமதி கிடைத்தது. ஒரு செம்மறிப் பண்ணையில் சாணம் அள்ளும் வேலை. அங்கே ஆராய்ச்சி நடத்திய டொக்டர் ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஒரு நாள் நான் ஆட்டை முழங்காலுக்குள் அணைத்துப் பிடித்த விதத்தைப் பார்த்து, "இது படிச்ச கை" என்றார். அடுத்த கிழமையே எனக்கு ஊசியும் பதிவுத் தாளும் தந்தார். அவர் ஜேர்மனில் பேசியதை எனக்குக் கேட்ட தமிழிலேயே எழுதுகிறேன்.

ஆராய்ச்சி இதுதான். மறியாட்டின், அதாவது பெண் செம்மறியின், சூலகத்தில் சுரக்கும் ஒரு ஹோர்மோன், ஒரே தடவையில் பல முட்டைகள் முதிராமல் பிடித்து வைக்கிறது. அந்த ஹோர்மோனை ஓர் அந்நியப் புரதத்தோடு ஒட்டி ஊசியாகப் போட்டால், ஆட்டின் உடம்பு அதை நோயென்று நினைத்து எதிர்க்கும். கூடவே தன் சொந்த ஹோர்மோனையும் கொஞ்சம் மடக்கிவிடும். பிடி தளரும். ஒரு குட்டி போடும் ஆடு இரண்டு போடும், சிலது மூன்றும் போடும். கிடாய் சேர்ப்பதற்கு முன் இரண்டு ஊசி, இடையில் சில கிழமை. பாதி ஆடுகளுக்கு உண்மை மருந்து, அவை சிவப்பு. மீதிக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் எண்ணெய், அவை நீலம்.

இங்கேதான் என் முதல் பிழை. ஊரில் நாங்கள் வெளிக்களம் போவதற்கு முதல் நாளே பதிவேட்டை வடிவாக நிரப்பி வைப்போம். மேலதிகாரிக்கு வெட்டுக்கொத்து இல்லாத பக்கம் வேண்டும். அதே பழக்கத்தில், எந்த ஆடு சிவப்பு, எந்த ஆடு நீலம் என்று சீட்டுக் குலுக்கி முடிந்த மாலையே எல்லாக் காது எண்களையும் மையால் எழுதி, அடியில் கையெழுத்தும் வைத்துவிட்டேன். மறுநாள் ஊசி. கால் நோவுக்காகப் பக்கத்துக் கிராமத்தில் விட்டிருந்த ஒன்பது ஆடுகள் வாகனத்தில் பிந்தி வந்தன. அவை நீலப் பத்தியில் எழுதப்பட்டவை. பண்ணையின் மேய்ப்பர் தெரியாமல் அவற்றைச் சிவப்பு வரிசையின் வாலில் விட்டார். நான் குனிந்தபடி ஊசி போட்டுக்கொண்டே போனேன். ஒன்பதும் சிவப்பு வயலுக்குள் போன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

நீலத்தில் எழுதிய ஒன்பதுக்கும் உண்மை மருந்து போய்விட்டது. தாள் சட்டைப்பையில் இருந்தது, பேனையும் இருந்தது. டொக்டர் அன்று ஹனோவரில் இருந்தார். ஒன்பது எண்களை வெட்டி அடுத்த பத்தியில் எழுதினால் காரியம் முடிந்தது. ஆராய்ச்சிக்கும் பெரிய கேடு இல்லை. ஆனால் கையெழுத்து வைத்த தாள். அதை வெட்டினால் நான் முதல் எழுதியது பொய் என்று ஆகும். இவனுடைய எழுத்தை நம்பேலாது என்பார்கள். அது வெளிநாட்டவர் அலுவலகம் வரைக்கும் போகும். அப்படித்தான் என் மூளை ஓடியது. தாளை அப்படியே கோப்பில் போட்டேன்.

இரண்டாவது ஊசியன்று டொக்டரும் கூட நின்றார். வயல் வயலாகப் போட்டோம், தாளை யாரும் பார்க்கவில்லை. சிவப்பு மருந்து கடைசியில் பற்றவில்லை. புதுப் போத்தல் உடைக்க வேண்டி வந்தது. டொக்டர் என்னைப் பார்த்தார்.

"கணக்காத்தானே கொண்டுவந்தனாங்கள்?"

"போனமுறை ஊசி ஒழுகினது டொக்டர், கொஞ்சம் வீணாப் போச்சு" என்றேன். கேட்டதும் அவர் நம்பினார். பழகிய மனிதரை நம்புவதுபோல் நம்பினார். அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் கிடாய்கள் சேர்ந்தன. மந்தை முழுவதும் ஒன்றாக மேய்ந்தது. நானும் மறக்கப் பார்த்தேன். ஆனால் அந்த ஒன்பது எண்களும் மறக்கவில்லை. பல் துலக்கும்போதுகூட வரிசையாக வாயில் வந்தன. ஜனவரியில் ஆடுகளைத் தொழுவத்துக்குள் எடுத்து, தாளைப் பார்த்துப் பிரித்தோம். இப்போதுபோல் வயிற்றுக்குள் இருப்பதைத் திரையில் பார்க்கும் வசதி எங்கள் பண்ணைக்கு அப்போது வந்திருக்கவில்லை. சிவப்புக்கு வயிற்றில் இரண்டு மூன்று இருக்கும் என்று காய்ந்த புல்லோடு தானியமும் கொடுத்தோம். நீலத்துக்கு வெறும் காய்ந்த புல். ஒற்றைக் குட்டிக்காரிக்குத் தானியம் கொடுத்தால் குட்டி பெருத்து, பிறக்கும்போது இறுகிவிடும். என்னுடைய ஒன்பதும் புல்லுப் பக்கம் போயின.

பெப்ரவரியில் ஒன்று விழுந்தது. தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது, பிறகு படுத்தது, எழும்பவில்லை. மூச்சில் பழுத்து அழுகத் தொடங்கிய பழத்தின் இனிப்பு வாடை. வயிற்றுக் குட்டிகளுக்குத் தீன் பற்றாமல் தாய் தன் கொழுப்பையே கரைத்துக் கொடுத்து, அந்தக் கழிவே நஞ்சாகி விழுகிற நோய் அது. உங்களுக்குத் தெரியும். எனக்கும் காது எண்ணைப் பார்க்கும் முன்னரே தெரிந்தது. அன்று பின்னேரமே அது செத்தது. டொக்டர் வெட்டிப் பார்த்தார். உள்ளே மூன்று குட்டிகள்.

"நீலத்தில மூண்டு" என்றார். "அபூர்வம்தான், ஆனா நடக்கிறதுதான்." கையுறையைக் கழற்றியபடி யோசித்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "மற்ற நீலங்களுக்கும் தானியம் குடுப்பமோ? ஒற்றைக் குட்டி எண்டால் பிள்ளைப்பேறு கஷ்டமாப் போகும். அனுபவப்பட்ட ஆள் நீங்கள், என்ன சொல்லுறீங்கள்?"

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். அவர் ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொல்லாமலேயே நான் 'குடுப்பம்' என்று சொல்லியிருக்கலாம், அந்த எட்டும் தப்பியிருக்கும். ஆனால் நீலத்துக்குத் தானியம் வேண்டும் என்று நான் சொன்னால், ஏன் என்ற கேள்வி வரும். அந்த ஏனைத் தொட்டால் தாள் வரும்.

"தேவையில்லை டொக்டர்" என்றேன். இன்றைக்கும் அந்த இரண்டு சொல்லை நினைத்தால் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

இரண்டாம் நாள் காலை அடுத்தது விழுந்தது. மேய்ப்பருக்குப் பின்னால் நடக்கும் ஆடு அது. அது நடந்தால்தான் மந்தை நடக்கும். மேய்ப்பர் அதிகம் பேசாத மனிதர். புல்லில் முழங்காலில் இருந்து அதன் தலையை மடியில் வைத்திருந்தார். ஆட்டின் கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை இல்லை. நான் வந்து நின்றது தெரிந்தும் அவர் நிமிரவில்லை.

"இதுக்கு என்ன வந்தது எண்டு உனக்கு விளங்குதோ?" என்று கேட்டார்.

அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. தெரியாத மனிதர் தெரிந்தவனிடம் கேட்ட கேள்வி அது. எனக்குக் கொட்டில் ஞாபகம் வந்தது. வைக்கோல் மணம், வெளியே ஒரு சீவன் துடிக்கிறது, உள்ளே நான் தெரிந்துகொண்டே வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். இரண்டாவது தடவையும் நான் அதே ஆள்தான். திரும்பி டொக்டரின் அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வாகனம் பிந்தி வந்ததை, போத்தல் பற்றாமல் போனதை, 'தேவையில்லை' என்றதை. என் ஜேர்மன் அன்றைக்குக் கால் ஒடிந்த மாடு மாதிரி நடந்தது. டொக்டர் இடையில் மறிக்கவில்லை. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி.

"எண்கள் ஞாபகம் இருக்கோ?"

ஒன்பதையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே எழும்பினார். "வாங்கோ. கதைக்கிறதைப் பிறகு கதைப்பம்."

மேய்ப்பரின் ஆட்டைக் காப்பாற்ற முடியவில்லை. மற்ற ஏழையும் பிரித்தெடுத்தோம். மூன்று ஏற்கனவே தீன் மறுத்திருந்தன. அவற்றுக்கு இனிப்புப் பாகு பருக்கினோம், நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றினோம். பசியோடு இருப்பவற்றுக்குத் தானியத்தை ஒரேயடியாகக் கொட்டினால் அதுவும் கொல்லும். பிடி பிடியாகக் கூட்டினோம். இரண்டு கிழமை நான் விடுதிக்குச் சரியாகப் போகவில்லை. ஏழும் பிழைத்தன, குட்டியும் போட்டன. மேய்ப்பர் அந்தப் பருவம் முடியும்வரை என்னோடு பேசவில்லை. அதற்கு அவருக்கு உரிமை இருந்தது.

எல்லாம் ஓய்ந்த பிறகு டொக்டர் அந்தத் தாளை மேசையில் வைத்தார். நான் சவர அலகு ஒன்று கொண்டு போயிருந்தேன். ஊர்க் கந்தோரில் மையை அலகால் சுரண்டி, நகத்தால் தேய்த்து, மேலே எழுதுவோம். கண்டுபிடிக்கவே ஏலாது. இல்லாவிட்டால் புதுத் தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். டொக்டர் அலகை வாங்கி இழுப்பறைக்குள் போட்டார்.

"சுரண்ட வேண்டாம், புதுத்தாளும் வேண்டாம். ஒரு கோடு போடுங்கோ. கீழ இருக்கிறது வாசிக்கத் தெரியவேணும். பக்கத்தில சரியானதை எழுதி, இண்டையத் திகதி போட்டு, கையெழுத்து வையுங்கோ. ஏன் மாத்தினது எண்டு காரணமும் எழுதுங்கோ."

நான் காரணம் என்ற இடத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினேன். அவர் வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"முதல் நாள் கவனக்குறைவு. ஓம். அதுக்குப் பிறகு இவ்வளவு மாதமும்?"

பேனையைத் திரும்ப எடுத்தேன். பிறகு 'கவனக்குறைவு' மேல் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் 'பயம்' என்று எழுதினேன். அவர் அதற்குக் கீழே தன் கையெழுத்தையும் வைத்தார். அதனால் அவருக்கு நட்டம் வந்தது. அந்த வருட முடிவுகளை மேலிடம் ஏற்கவில்லை. ஆராய்ச்சியை அடுத்த பருவம் முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்தது. அவர் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் அகதி வழக்கு வசந்தத்தில் நீதிமன்றத்துக்கு வந்தது. டொக்டர் ஒரு நற்சான்றுக் கடிதம் தருவதாக முன்னர் சொல்லியிருந்தார். இனித் தரமாட்டார் என்று நினைத்திருந்தேன். தந்தார். அதில் இரண்டாவது பந்தியில், இவர் ஒரு பிழை விட்டார், அதை மறைத்தார், பிறகு யாரும் கண்டுபிடிக்கும் முன் தானாகவே வந்து சொன்னார் என்று எழுதியிருந்தார். என் வழக்கறிஞர் அதை வாசித்துவிட்டு, இதை நீதிபதியிடம் காட்டவே கூடாது என்று தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நீதிபதி மென்மையாகப் பேசும் மனிதர். பழைய வாக்குமூலத்தை வாசிக்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். தம்பியைப் பிடித்தபோது நான் கந்தோரில் இருந்தேன் என்ற வரியும் வந்தது. கடைசியில் எல்லோரிடமும் வழமையாகக் கேட்கும் கேள்வி. இதில் மாற்றவோ சேர்க்கவோ ஏதாவது உண்டா? பின்வரிசையில் சிவம் அண்ணை இருந்தார். எனக்குத் துணையாக, அனுமதி எடுத்து வந்திருந்தார். திரும்பிப் பார்க்கப் பயந்தேன்.

"ஓம்" என்றேன். "ஒரு திருத்தம் இருக்கு."

வழக்கறிஞர் என் கையைப் பிடித்தார். நான் சொல்லிக்கொண்டு போனேன். கொட்டிலை, வைக்கோலை, தட்டி இடுக்கால் எத்தனை பேரைக் கண்டேன் என்பதை, தம்பி என்ன உடுப்பில் இருந்தான் என்பதை, அவன் கடைசியாகக் கூப்பிட்டது என்னைத்தான் என்பதை. மொழிபெயர்ப்பாளர் ஓரிடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். நீதிபதி எல்லாவற்றையும் ஒலிப்பதிவுக் கருவியில் சொல்லிப் பதிந்தார். பிறகு, இதை ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்டார்.

அந்தச் சொல்லை நான் ஏற்கனவே ஒருமுறை எழுதியிருந்தேன். "பயம்" என்றேன்.

வெளியே வந்ததும் சிவம் அண்ணை தலையில் கைவைத்தார். "உனக்கென்ன விசரே? எல்லாத்தையும் குழப்பிப்போட்டாய்."

அவர் சொன்னதுதான் நடந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. முக்கியமான விடயத்தில் முன்னுக்குப் பின் முரண். திருப்பி அனுப்பவில்லை, ஆனால் நிரந்தர வதிவிடம் கிடைக்கப் பல வருடம் எடுத்தது. அதுவரை சில மாதத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று நீட்டித்தேன். உண்மை சொன்னால் எல்லாம் நல்லபடி முடியும் என்று உங்களை நான் ஏமாற்றப் போவதில்லை. ஆனால் ஆராய்ச்சித் தாளில் ஒரு கோடு போட்டுத் திருத்த அந்த ஒரு நிமிடம்தான் மலிவு. பிந்தப் பிந்த அது ஆடு கேட்கும், ஆள் கேட்கும்.

தீர்ப்பின் ஒரு பக்கத்தில், எழுதுவினைஞரின் தட்டச்சில், தம்பியின் முழுப்பெயர் இருக்கிறது. அவன் வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டதைத் தான் கண்டதாக அண்ணன் கூறுகிறார் என்று இருக்கிறது. அதற்கு மேலே என் பழைய பொய்யும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது. அம்மா முகாம் முகாமாக ஏறி இறங்கிய காலம் அது. அப்படி ஒருவனைப் பிடிக்கவே இல்லை என்றுதான் எல்லா இடத்திலும் சொன்னார்கள். தம்பி அன்று காலை உயிரோடு அந்த வாசலில் நின்றான் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே தாள் இதுதான். அந்தப் பக்கத்தின் பிரதியை அம்மாவுக்கு அனுப்பினேன். கூடவே, நான் கந்தோரில் இருந்தேன் என்று உங்களுக்கும் சொன்னது பொய் என்று எழுதினேன். கொட்டிலில் இருந்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினேன்.

பதில் வர இரண்டு மாதம் ஆனது. நீல நிற விமானக் கடிதம், நாலே வரி.

'தாள் கிடைச்சுது. பத்திரமா வைச்சிருக்கிறன். நீ கொட்டிலுக்கை நிண்டது எனக்கு அண்டைக்கே தெரியும் ராசா, வைக்கோல் அசைஞ்சதைக் கண்டனான். அதுதான் அவங்களைப் பின்வளவுக்கு விடாமல் வாசல்லையே மறிச்சுக் குழறினனான்.'